மூன்று நாட்டுப் பயணத்துக்கு எந்த அடாப்டர்? தேவகோட்டை ஆச்சிக்கு ஒரு பதில்

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருந்தார்: "நானும் எங்கள் வீட்டுக்காரரும் அடுத்த மாதம் திருச்சியில் விமானம் ஏறுகிறோம். கோலாலம்பூரில் தங்கச்சி வீட்டில் ஒரு வாரம், லண்டனில் மகன் வீட்டில் இருபது நாள், பிறகு நியூஜெர்சியில் மகள் பேறுகாலத்துக்கு ஐந்து மாதம். கடையில் யுனிவர்சல் அடாப்டர் என்று 300 ரூபாய்க்கும் காட்டுகிறார்கள், 3,000 ரூபாய்க்கும் காட்டுகிறார்கள். எதை வாங்குவது? அவருக்கு இரவில் மூச்சுக்கு சிபாப் மெஷின் ஓட வேண்டும். என் மிக்ஸியையும் கொண்டுபோக ஆசை."

ஆச்சி, நான் காரைக்குடியில் இருபத்தாறு வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறேன். அதற்கு முன் ஆறு வருஷம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியன். இப்போது பாதி வேலை கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம், பழைய வீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறவர்களுக்கு. அங்கே வந்து தங்கும் பிரெஞ்சுக்காரர்களின் பிளக் நம் சுவரில் சேராது. இங்கிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களின் பிளக் அங்கே சேராது. இரண்டு பக்கத்து அவஸ்தையும் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் நேர் பதில். விமான நிலையத்துக்கும் வழியில் ஓரிரண்டு இரவுக்கும் நடுத்தர விலையில் ஒரு நல்ல யுனிவர்சல் அடாப்டர் போதும். அண்ணனின், அதாவது உங்கள் வீட்டுக்காரரின், மெஷினுக்கு அது வேண்டாம், அதற்கு வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். மிக்ஸி லண்டன் வரை போகலாம். நியூஜெர்சிக்கு வேண்டவே வேண்டாம்.

ஏன் என்று புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் மனதில் நின்றால் போதும். அடாப்டர் மாற்றுவது பிளக்கின் உருவத்தை மட்டும்தான். சுவருக்குள்ளிருந்து வருகிற கரண்டில் அது கை வைக்காது. நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மலேசியாவிலும் இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் ஏறக்குறைய அதே கணக்குதான், சுவரிலுள்ள ஓட்டை மட்டும் வேறு. அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட்தான். அதிலும் டோக்கியோ இருக்கும் கிழக்குப் பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா இருக்கும் மேற்குப் பக்கம் 60. "யுனிவர்சல்" என்ற பெயரைப் பார்த்து, எந்த ஊர்க் கரண்டையும் நம் ஊர்க் கரண்டாக்கித் தரும் பெட்டி என்று நினைத்துவிடுகிறார்கள். பாதி விபத்துக்கு அந்த நினைப்புதான் காரணம்.

கோட்டையூரில் ஒரு கல்யாண வீட்டுக்கு லைட் கட்டப் போயிருந்தேன். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த பெண் ஒருத்தி, தலைமுடி சுருட்டும் கருவியை அழகான வெள்ளை அடாப்டரில் மாட்டி நம் சாக்கெட்டில் சொருகினாள். இரண்டு நிமிஷத்தில் இரண்டாம் கட்டு முழுக்கக் கருகல் நாற்றம். அடாப்டர் மேல் தப்பே இல்லை. அந்தக் கருவி 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தது. சூடாக்கும் கம்பிக்கு வோல்ட் இரண்டு மடங்கானால் வாட் நாலு மடங்காகும். 230ஐ 120ஆல் வகுத்து அதை அதனாலேயே பெருக்கினால் சுமார் 3.7 வரும், அத்தனை மடங்கு சூடு அதில் ஏறியிருக்கிறது. முடி அதற்குள் இல்லாமல் போனது அந்தப் பிள்ளையின் நல்ல நேரம்.

ஆகவே கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை வீட்டில் இருக்கிறது. கொண்டுபோக நினைக்கிற ஒவ்வொரு சாமானையும் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். சார்ஜர் முதுகில் பொடி எழுத்தில் "இன்புட்" என்று ஒரு வரி இருக்கும். அதில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் அது எந்த நாட்டிலும் ஓடும், ஓட்டைக்குப் பொருந்தினால் போதும். செல்போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர், கேமரா சார்ஜர், அநேகமாக எல்லா சிபாப் மெஷின்களும் இந்த வகை. 220–240 வோல்ட் என்றோ 230 வோல்ட் என்றோ மட்டும் இருந்தால் அது அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் ஆகாது. மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், கெட்டில் எல்லாம் இந்தக் கூட்டம். எழுத்து தெரியவில்லை என்றால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். என் கண்ணுக்கும் இப்போது அப்படித்தான்.

ஓட்டையின் உருவத்தை வைத்து வோல்ட்டை ஊகிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நம் பெரியவர்கள் கொண்டுவிற்கப் போன சைகோனுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் சுற்றுலா போகிறார்கள். அங்கே சுவரில் அமெரிக்கா மாதிரி இரண்டு தட்டை ஓட்டை இருக்கும், உள்ளே ஓடுவது 220 வோல்ட். பிலிப்பைன்ஸிலும் அப்படியே. தட்டைப் பின் சேர்ந்துவிட்டது என்று அமெரிக்காவில் வாங்கிய 120 வோல்ட் சாமானை அங்கே சொருகினால் கோட்டையூர்க் கதைதான்.

மலேசியாவிலும் லண்டனிலும் ஒரே சதுரப் பின் இருக்க, நமக்கு மட்டும் உருண்டைப் பின் ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. நம்முடைய உருண்டை மூன்று பின் பிளக்கும் இங்கிலாந்து தந்ததுதான். 1934இல் வந்த பிஎஸ் 546 என்ற அவர்கள் தரம் அது. உங்கள் வீட்டு வளவில் மரச்சட்டத்துக்குள் வயர் ஓடி, கறுப்பு பேக்லைட் சாக்கெட்டில் முடிகிறதே, அது அந்தக் காலத்து வாரிசு. உலகப் போரில் வீடுகளை இழந்த இங்கிலாந்து, புதிதாகக் கட்டும் வீடுகளுக்குத் தாமிரம் குறைவாகச் செலவாகும் வயரிங் வேண்டும் என்று ஒரு குழு போட்டது. அந்தக் குழுவில் இருந்த ஒரே பெண் கரோலின் ஹாஸ்லெட் என்ற பொறியாளர். அதிலிருந்து பிறந்ததுதான் 1947இல் வந்த பிஎஸ் 1363: சதுரப் பின், பிளக்குக்குள்ளேயே பியூஸ், குழந்தை விரலோ கம்பியோ நுழையாதபடி ஓட்டைக்கு மூடி. எர்த் பின் நீளமாக இருக்கும். அது முதலில் நுழைந்து மூடியைத் தள்ளித் திறந்தால்தான் மற்ற இரண்டும் உள்ளே போகும். அதே 1947இல் நாம் சுதந்திரம் பெற்று உருண்டைப் பின்னோடு நின்றுவிட்டோம். மலாயாவும் சிங்கப்பூரும் இன்னும் சில காலம் அவர்கள் கையில் இருந்து, கடைசியில் சதுரத்துக்குப் போய்விட்டன. இலங்கையில் இரண்டும் கலந்து கிடக்கும். பழைய வீடுகளில் நம் உருண்டைப் பின்னே சேரும்.

இந்த மூடி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பேனா முனையையோ குச்சியையோ எர்த் ஓட்டையில் குத்தி மூடியைத் திறந்து, இரண்டு பின் பிளக்கை அப்படியே திணிப்பார்கள். பட்டறையில் என்னோடு தங்கியிருந்தவர்கள் எல்லாரும் செய்தார்கள், உங்கள் தங்கச்சி வீட்டிலும் செய்து காட்டலாம். செய்யாதீர்கள். மெல்லிய பின் அந்தச் சாக்கெட்டுக்குள் பிடிப்பில்லாமல் ஆடும், ஆடுகிற இடத்தில் பொறி பறக்கும், சாக்கெட்டும் கெடும். பத்து ரிங்கிட்டுக்குள் கிடைக்கிற அடாப்டருக்கு அந்த ஆபத்து தேவையில்லை.

இனி அண்ணனின் மெஷின். இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக நினைக்கிறேன், ஏனென்றால் செல்போன் ஓர் இரவு சார்ஜ் ஏறாவிட்டால் ஒன்றும் இல்லை, இது நடு இரவில் நிற்கக் கூடாது. யுனிவர்சல் அடாப்டர் ஒரு கனமான கட்டி. அதன் பின்னால் சார்ஜரின் கனமும் சேரும். இங்கிலாந்து சாக்கெட் அதைத் தாங்கும், மூன்று தடித்த பின் இறுகப் பிடிக்கும். அமெரிக்கச் சாக்கெட்டில் இரண்டு மெல்லிய தகடுதான் பிடிமானம். பழசாகிப்போன சாக்கெட் என்றால் கட்டி மெல்ல மெல்லச் சாய்ந்து, ராத்திரி இரண்டு மணிக்குத் தொடர்பு விட்டுவிடும். காலையில் "மெஷின் பழுது" என்று நினைத்துக்கொள்வீர்கள்.

அடாப்டரே இல்லாமல் செய்யலாம். மெஷினோடு வரும் கறுப்புப் பெட்டியைப் பாருங்கள். அதிலிருந்து சுவருக்குப் போகும் வயர் பெரும்பாலும் கழற்றக்கூடியதாக இருக்கும். கழற்றினால் பெட்டியில் ஒரு வாய் தெரியும். அது படுத்த எட்டு மாதிரி இரண்டு துளையோடு இருக்கும், அல்லது மூன்று இதழ்ப் பூ மாதிரி இருக்கும், அல்லது கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சொருகும் பெரிய மூன்று பின் வயர் மாதிரி இருக்கும். இந்த மூன்று வாயும் உலகம் முழுக்க ஒரே அளவு. மாறுவது வயரின் மறு முனையில் இருக்கும் சுவர்ப் பிளக் மட்டும்தான். ஆகவே அதே வாய்க்குப் பொருந்தும் வயரை அந்தந்த நாட்டுப் பிளக்கோடு வாங்கிவிட்டால் அடாப்டருக்கு வேலையே இல்லை. இங்கிலாந்து பிளக் வைத்த வயர் ஒன்று வாங்கினால் கோலாலம்பூருக்கும் அதுவே, லண்டனுக்கும் அதுவே. அமெரிக்க வயரை மகளிடம் சொல்லி முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வாயைப் படம் பிடித்து அனுப்பினால் போதும், விலையும் ஒரு நல்ல அடாப்டரை விடக் குறைவு. இறுக்கமாக நிற்கும், எர்த் இருந்தால் எர்த்தும் ஒழுங்காகப் போகும், இங்கிலாந்து வயரில் பியூஸும் சேர்ந்தே வரும். லேப்டாப்புக்கும் இதே வழிதான். வாயைப் பார்த்து வயரை மாற்று என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன், கேட்பவர்கள் சிலர்தான்.

மெஷினைக் கைப்பெட்டியில் எடுத்துக்கொள்ளுங்கள், சரக்குப் பெட்டியில் போடாதீர்கள். பெட்டி இரண்டு நாள் தாமதமாக வந்தால் அண்ணன் இரண்டு இரவு தூங்க மாட்டார். டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும்.

சரி, கடைக்குப் போவோம். நியூஜெர்சி ஐந்து மாதம் பயணம் இல்லை ஆச்சி, அது குடித்தனம். மகள் வீட்டில் அந்த ஊர்ச் சார்ஜர்கள் இருக்கும். லண்டனிலும் மகன் வீடு. அடாப்டர் உங்களுக்குத் தேவைப்படுவது வழியில்தான் என்பதால் 3,000 ரூபாய் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் 300 ரூபாய்ச் சாமானை நான் என் வீட்டில் கூட வைக்க மாட்டேன். கடையில் வைத்தே நீங்கள் சோதித்துப் பார்க்கக்கூடியவை சில உண்டு.

போகும்போது உங்கள் சார்ஜர்களின் பிளக்கைக் கையோடு கொண்டுபோங்கள். இதை யாரும் செய்வதில்லை. வெளிநாட்டுக்காரர்களை மனதில் வைத்துச் செய்த அடாப்டர்களின் முகத்தில் நம் உருண்டை மூன்று பின்னுக்கு இடமே இருக்காது, இரண்டு பின் மட்டும்தான் நுழையும். லேப்டாப் சார்ஜரின் தடித்த எர்த் பின் முட்டி நிற்கும். விமான நிலையத்தில் போய்க் கண்டுபிடித்து என்ன பயன்? அங்கேயே சொருகிப் பாருங்கள். நுழைய வேண்டும், நுழைந்தபின் ஆடக் கூடாது, தலைகீழாகப் பிடித்தால் கழன்று விழக் கூடாது. நம் 16 ஆம்ப் தடிப் பிளக், அதாவது கீசர், அயர்ன் பாக்ஸ் வகை, எந்த யுனிவர்சல் அடாப்டரிலும் போகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். போனாலும் போடக் கூடாது.

அடுத்து, பக்கவாட்டில் தள்ளி வெளியே எடுக்கிற பின்கள். ஒரு நாட்டுப் பின்னை வெளியே தள்ளிவிட்டு இன்னொன்றையும் தள்ளிப் பாருங்கள். நல்ல அடாப்டரில் ஒன்று வெளியே இருந்தால் மற்றது பூட்டிக்கொள்ளும். மட்டமானதில் இரண்டும் ஒரே நேரத்தில் வரும். அப்படி வந்தால் ஒன்று சுவருக்குள் இருக்கும்போது மற்றது வெளியே கரண்டோடு நீட்டிக்கொண்டிருக்கும், குழந்தை கை பட்டால் போயிற்று. இந்த ஒரு சோதனையில் தோற்ற அடாப்டரை அங்கேயே கீழே வைத்துவிடுங்கள்.

பியூஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் எத்தனை ஆம்ப், கழற்றி மாற்ற முடியுமா, உபரியாக ஒன்று தருகிறார்களா என்றும் பாருங்கள். பியூஸ் இல்லாத யுனிவர்சல் வேண்டாம். ஆம்ப் கணக்கு எளிது: ஆம்பை வோல்ட்டால் பெருக்கினால் வாட். 6 ஆம்ப் அடாப்டர் லண்டனில் 1,380 வாட் வரை தாங்கும். அதே அடாப்டர் அமெரிக்காவில் 720 வாட்தான் தாங்கும், ஏனென்றால் வோல்ட் பாதி. டப்பாவில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட் 230 வோல்ட்டுக்கான கணக்கு என்பதைக் கவனிக்க மாட்டோம்.

எர்த். இதில்தான் விலை வித்தியாசத்துக்கு நியாயம் இருக்கிறது. பெரும்பாலான யுனிவர்சல் அடாப்டர்களில் எர்த் தொடர்பே இல்லை. இங்கிலாந்துப் பின்னில் மேலே நீளமாக இருக்கும் எர்த் பின் வெறும் பிளாஸ்டிக்காகவே இருக்கும், மூடியைத் திறக்க மட்டும். செல்போன் சார்ஜருக்கு அது போதும், அதற்கு எர்த் தேவையில்லை. உலோக உடம்பு லேப்டாப்பை எர்த் இல்லாமல் சார்ஜ் போட்டுப் புறங்கையால் தடவிப் பாருங்கள், மெலிதாக அதிர்வது போல இருக்கும். சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கெப்பாசிட்டர் வழியாகக் கசிகிற சொற்பக் கரண்ட் அது, ஆளைக் கொல்லாது. ஆனால் உலோக உடம்புள்ள அயர்ன் பாக்ஸ், கெட்டில் போன்றவற்றில் உள்ளே வயர் அறுந்து உடம்பில் பட்டால் எர்த்தான் உயிரைக் காக்கும், அடாப்டரில் அது இல்லையென்றால் காக்க யாரும் இல்லை. ஸ்விட்சர்லாந்தின் ஸ்க்ராஸ் போன்ற சில கம்பெனிகள் எர்த்தோடு மூன்று பின் வகையைச் செய்கிறார்கள், விலை அதிகம். மாதம் ஒரு நாடு போகிற பிள்ளைகளுக்கு அந்த விலை தகும். உங்களுக்கு வேண்டாம், ஆனால் எர்த் இல்லாததில் அயர்ன் பாக்ஸ், கெட்டில் போன்ற மூன்று பின் சாமான் எதையும் மாட்டாதீர்கள்.

டப்பாவில் சிஇ முத்திரை இருக்கிறது என்று கடைக்காரர் காட்டுவார். அது தயாரித்தவரே தன் பொறுப்பில் போட்டுக்கொள்ளும் முத்திரை, மூன்றாம் ஆள் பரிசோதித்தார் என்று அதற்கு அர்த்தம் இல்லை. பயண அடாப்டருக்கென்றே இங்கிலாந்தில் பிஎஸ் 8546 என்ற தரம் இருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை கூடும்.

யூஎஸ்பி போர்ட் நாலு, ஐந்து என்று வைத்து விற்பதைப் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் கறார். அந்தச் சிறிய கட்டிக்குள் 230 வோல்ட்டும் உங்கள் கையில் இருக்கும் போனுக்குப் போகிற 5 வோல்ட்டும் விரல் கனத் தூரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அந்த இடைவெளியை நேர்மையாக வைத்துச் செய்யக் காசு செலவாகும். மலிவான அடாப்டர் என்றால் யூஎஸ்பி இல்லாததாகப் பார்த்து வாங்கி, போனோடு வந்த சார்ஜரையே அதில் மாட்டுங்கள். யூஎஸ்பி வேண்டுமென்றால் நல்ல விலையில் வாங்குங்கள். வாங்கும்போது 65 வாட் என்று எழுதியிருந்தால் அது ஒரு போர்ட்டுக்கா, எல்லாப் போர்ட்டும் சேர்ந்தா என்று பாருங்கள். நாலு போன் மாட்டினால் நாலும் பங்கு போட்டுக்கொள்ளும்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. போனுக்குச் சொருகும் நீள்வட்ட முனையை நாம் எல்லாரும் "டைப் சி" என்கிறோம். சுவர்ப் பிளக்குகளுக்கும் எழுத்துப் பெயர்தான்: அமெரிக்கத் தட்டைப் பின் ஏ, அதுவே எர்த்தோடு வந்தால் பி, ஐரோப்பாவின் இரண்டு மெல்லிய உருண்டைப் பின் சி, நம் வீட்டு 6 ஆம்ப் டி, இங்கிலாந்துச் சதுரம் ஜி, ஆஸ்திரேலியச் சாய்ந்த தட்டை ஐ. "லண்டனுக்கு டைப் ஜி வாங்கி வா" என்று மகன் சொன்னால் போன் கடையில் போய்க் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

யுனிவர்சல் என்ற பெயருக்குள் அடங்காத நாடுகளும் இருக்கின்றன. அந்தக் கட்டியிலிருந்து வெளிவருவது வழக்கமாக நாலு வகைப் பின்தான்: அமெரிக்கா, இங்கிலாந்து, ஐரோப்பா, ஆஸ்திரேலியா. தென்னாப்பிரிக்கா அதில் இல்லை. அங்கே பழைய வீடுகளில் இருப்பது நம் 16 ஆம்ப் உருண்டைப் பிளக்கேதான், டர்பனுக்குப் போகிறவர்கள் நம் ஊர்த் தடிப் பிளக்கைக் கொண்டுபோனால் பொருந்தும். நம் இந்தியாவும் அதில் இல்லை. ஐரோப்பியப் பின் 4 மில்லிமீட்டர் கனம், நம் 6 ஆம்ப் சாக்கெட் 5.1 மில்லிமீட்டர் பின்னுக்காகச் செய்தது. நுழையும், ஆனால் தொளதொளவென்று நிற்கும். கானாடுகாத்தான் விடுதிகளில் கருகிப்போன சாக்கெட்டை மாற்றக் கூப்பிட்டால், பத்தில் எட்டு இந்தக் காரணம்தான். படைப்பு வழிபாட்டுக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்கு வருகிற உங்கள் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

இனி மிக்ஸி. மகளுக்குப் பத்தியப் பொடி அரைக்க வேண்டும், அந்த ஊர் மிஷினில் சுக்கும் மிளகும் நம் பதத்துக்கு அரைபடாது என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. நம் 750 வாட் மிக்ஸியை அமெரிக்காவில் அடாப்டர் போட்டு மாட்டினால் வெடிக்காது, ஆனால் முனகும். பாதி வோல்ட்டில் கால் பங்கு சக்திதான் தேறும். சுக்கு போட்டால் பிளேடு நின்றுவிடும், நின்ற மோட்டாரில் கரண்ட் ஏறி உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகும். வோல்ட்டை ஏற்றித் தரும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் போடலாமே என்பார்கள். 750 வாட் மிக்ஸி கிளம்பும் வேகத்தைத் தாங்க அதைப் போல இரண்டு மடங்கு, 1,500 வாட் டிரான்ஸ்பார்மராவது வேண்டும். இரும்பும் தாமிரமும் சேர்ந்து அதன் கனமே ஒரு பெட்டி. கனமில்லாமல், உள்ளங்கையில் அடங்குகிற "கன்வெர்ட்டர்" என்று ஒன்றைக் காட்டினால் தொடாதீர்கள். அந்தச் சிறியவை வெறும் சூடாக்கும் சாமானுக்குச் செய்தவை, மோட்டாரையும் மின்னணுச் சாமானையும் கெடுத்துவிடும். நம் நாட்டுக் கம்பெனிகளே 110 வோல்ட்டுக்கென்று செய்யும் மிக்ஸியும் கிரைண்டரும் அங்குள்ள இந்தியக் கடைகளில் கிடைக்கின்றன. மகளை அதில் ஒன்று வாங்கச் சொல்லுங்கள், நீங்கள் திரும்பி வந்த பிறகும் அவளுக்கு உதவும். பொடியை இங்கேயே வறுத்து, அரைத்து, சலித்து, காற்றுப் போகாமல் கட்டிக் கொண்டுபோவது இன்னும் நல்லது.

லண்டன் மகன் வீட்டுக்கு மிக்ஸி கொடுக்க நினைத்தால் தாராளமாகக் கொண்டுபோகலாம். வோல்ட்டும் ஹெர்ட்ஸும் நம்முடையதே. அதையும் யுனிவர்சலில் மாட்ட வேண்டாம். அங்கே போனதும் நம் பிளக்கை வெட்டிவிட்டு இங்கிலாந்து மூன்று பின் பிளக்கை மாட்டச் சொல்லுங்கள்: பழுப்பு வயர் பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். 750 வாட்டுக்கு 3.3 ஆம்ப் ஓடும், 5 ஆம்ப் பியூஸ் சரி. கை பழகாதவர் செய்ய வேண்டாம், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

இங்கிலாந்துக் குளியலறையில் சாதாரண சாக்கெட்டே இருக்காது. கண்ணாடி அருகில் சவரக் கருவிக்கென்று ஒரு சிறிய இரண்டு துளை மட்டும் இருக்கும். அண்ணன் போனை அதில் போட்டுப் பார்க்க வேண்டாம், மிகச் சொற்பக் கரண்டுக்குச் செய்தது அது. அமெரிக்கச் சாக்கெட்டுகளில் நம்மைப் போல ஸ்விட்ச் கிடையாது. சொருகும்போது சின்னதாகப் பொறி தெரிந்தால் பயப்படாதீர்கள். சாமானை முதலில் அடாப்டரில் மாட்டிவிட்டு, பிறகு அடாப்டரைச் சுவரில் சொருகுவது நல்ல பழக்கம். எடுக்கும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் அடாப்டர் உடம்பைப் பிடித்து எடுங்கள்.

பவர் பேங்க் கொண்டுபோனால் கைப்பெட்டியில் மட்டும். 100 வாட்-அவர் வரை கேள்வியில்லை. 20,000 எம்ஏஎச் என்று எழுதியிருப்பது 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-அவர், அதனால் தாராளம். ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கால் சார்ஜ் போடவும், பவர் பேங்கையே சார்ஜ் ஏற்றவும் தடை போட்டுவிட்டது. நீங்கள் ஏறும் விமானத்தின் விதியை டிக்கெட் போட்டவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கி வந்ததும் ஒரு வேலை. இங்கே பல நாட்டுப் பிளக்கும் ஏற்கிற எக்ஸ்டென்ஷன் போர்டு யார் வீட்டிலாவது இருக்கும். அதில் அடாப்டரை மாட்டி, லேப்டாப் சார்ஜரைச் சேர்த்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு ஸ்விட்சை அணைத்து, கழற்றி, பின்னைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடு என்றாலோ பிளாஸ்டிக் வாடை வந்தாலோ மறுநாளே கடைக்குத் திருப்பிக் கொடுங்கள், பில்லை அதுவரை தொலைக்காமல் வையுங்கள். அண்ணனின் மெஷின் பெட்டியின் வாயையும் முதுகில் இருக்கும் இன்புட் வரியையும் படம் எடுத்து எனக்கு அனுப்பினால் எந்த வயர் என்று எழுதித் தருகிறேன். இங்கிலாந்து வயர் காரைக்குடியிலோ மதுரையிலோ கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். கோலாலம்பூரில் எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் இருக்கும், தங்கச்சியை முதல் நாளே வாங்கி வைக்கச் சொல்லலாம்.